ஓரிகானில் வாங்கினால் வரி இல்லையாம்!

நேற்று அந்த ஓரிகான் டிராக்டர் பதிவுக்கு விழுந்த கைதட்டலைப் பார்த்தவர்களுக்கு நான் எதைச் சொல்கிறேன் என்று தெரியும். ஒருவர் ஓரிகானில் வாங்கிய 40,000 டாலர் டிராக்டர், ஒரு சென்ட் வரி இல்லாமல் கலிஃபோர்னியாவுக்கு வந்துவிட்டதாம். கீழே ஒரே "சூப்பர் அண்ணா", "டீலர் நம்பர் இன்பாக்ஸ் பண்ணுங்க". யூஸ் டேக்ஸ், அதாவது வெளியே வரி கட்டாமல் வாங்கியதை இங்கே பயன்படுத்தினால் கட்ட வேண்டிய வரி, வருமே என்று ஒரே ஒரு வாக்கியம் எழுதினேன். "வந்துட்டாருய்யா வரி ஆபீசர்!" சரி, அப்படியே இருந்துவிட்டுப் போகிறேன்.

வரி, வாங்கும் ஊருக்கு இல்லை. வண்டி ஓடும் ஊருக்கு. ஓரிகான், மொன்டானா, டெலவேர், நியூ ஹாம்ப்ஷயர் நான்கிலும் சேல்ஸ் டேக்ஸ் கிடையாது, அலாஸ்காவிலும் மாநில அளவில் கிடையாது. அதனால் டீலர் வசூலிக்கவில்லை, அவ்வளவுதான். வண்டி ஃபிரெஸ்னோ தோட்டத்தில் இறங்கியதும் கலிஃபோர்னியாவின் யூஸ் டேக்ஸ் வாங்கியவர் தலையில் விழுகிறது.

"டீலரே வரி இல்லைன்னு சொன்னார்." அவர் சொன்னது ஓரிகான் வரியை. நீங்களே டிரெய்லரில் ஏற்றி வந்தால் அவருக்கு வேலை முடிந்தது. அவரே லாரியில் அனுப்பி வைத்தால் கதை வேறு. அமெரிக்க உச்ச நீதிமன்றத்தின் 2018 வேஃபேர் தீர்ப்புக்குப் பிறகு, கலிஃபோர்னியாவுக்கு ஆண்டுக்கு 5,00,000 டாலருக்கு மேல் விற்கும் வெளிமாநில டீலரே நம் வரியை வசூலித்தாக வேண்டும்.

"யாருக்குத் தெரியப் போகுது?" அதே வண்டிக்கு வருமான வரியின் விவசாயப் படிவமான ஸ்கெட்யூல் எஃப்-இல் தேய்மானம் எழுதுவீர்கள். சொத்து வரிக்கு மதிப்புப் போடும் கவுன்டி அசெசரின் 571-ஏ படிவத்தில் வாங்கிய ஆண்டும் விலையும் போடுவீர்கள். டீலர் கடையில் ஆடிட் நடந்தால் உங்கள் பெயர் ரசீதிலேயே இருக்கும். அப்போது வரியோடு அபராதம், வட்டி. கைதட்டினவர்கள் யாரும் பங்கு போட வரமாட்டார்கள்.

எனக்கு வயிற்றெரிச்சல் வேறு இடத்தில். ஃபிரெஸ்னோ கவுன்டியில் நகர எல்லைக்கு வெளியே வரி 7.975 சதவீதம், அதாவது 3,190 டாலர். விவசாயக் கருவிக்கு விலையில் 5 சதவீதம், அதாவது 2,000 டாலர், வரி விலக்கு உண்டு. அதைக் கழித்தால் 1,190 டாலர்தான்! விவசாயம் தொழிலாக இருக்க வேண்டும். கருவியின் பயன்பாட்டில் பாதிக்குக் குறையாமல் விளைச்சலுக்கோ அறுவடைக்கோ இருக்க வேண்டும். வீட்டுப் புல்வெளிக்கு எடுபடாது. டீலர் வரி பிடித்தால் கலிஃபோர்னியா வரித்துறையான சிடிடிஎஃப்ஏ-வின் 230-டி படிவத்தை அவரிடம் கொடுங்கள். பிடிக்காவிட்டால் நீங்களே யூஸ் டேக்ஸ் கட்டும்போது விலக்கைக் காட்டுங்கள். பழைய வண்டியைக் கொடுத்து மாற்றினாலும் கலிஃபோர்னியாவில் முழு விலைக்குத்தான் வரி. ஏலத்தில் எடுத்தால் ஏலக் கம்பெனி வாங்கும் பிரீமியத்தையும் விலையோடு சேருங்கள்.

டெக்சாஸில் தெரிந்த ஒருவர் மொன்டானாவிலிருந்து பேலர், அதாவது வைக்கோல் கட்டும் இயந்திரம் வாங்கிவிட்டு, திருட்டுப் பூனை மாதிரி வாயே திறக்கவில்லை. மாட்டுப் பண்ணைக்கு மட்டுமே ஓடுகிற அந்தப் பேலருக்கு அங்கே வரியே கிடையாது! அங்கே வரியைக் கவனிக்கும் காம்ப்ட்ரோலரிடம் இலவசமாகக் கிடைக்கும் ஆக்-டிம்பர் நம்பரும் (விவசாய விலக்குக்கான பதிவு எண்) 01-924 விலக்குப் படிவமும் போதும். நிலத்துக்கு விவசாய மதிப்பீடு வாங்கியிருப்பதால் இந்த நம்பரும் தானாக வந்துவிட்டது என்று நினைத்திருந்தார். அது வேறு, இது வேறு. வடக்கு டகோட்டாவில் புதிய பண்ணை இயந்திரத்துக்கு 3 சதவீதம், பழசுக்குச் சுழியம். ஒவ்வொரு மாநிலமும் ஒரு தினுசு.

"அப்போ ரெண்டு மாநிலத்துக்கும் அழணுமா?" இல்லை. அங்கே முறையாகக் கட்டிய வரியை இங்கே கழித்துக்கொள்ளலாம். ரசீதில் வரித்தொகை தனியாகக் காட்டியிருக்க வேண்டும், அதைக் கேட்டு வாங்குங்கள். "கவர்மென்ட் நம்ம பணத்தை வீணடிக்குது"ன்னு ஒருத்தர் வந்தார். அதுக்கும் டிராக்டருக்கும் என்ன சம்பந்தம்?

சட்டத்தை எடுத்துச் சொன்னால் நான் துரோகி, நம்மாளுங்க முன்னேறுவதைப் பொறுக்காதவன். 2,000 டாலர் விலக்கு இருப்பதை அங்கே எழுதினது நான் ஒருத்தன்தான். அந்தப் படிவத்தை எங்கே எடுப்பது என்று ஒருத்தர் கேட்கவில்லை. இன்னமும் நேரம் இருக்கிறது: சிடிடிஎஃப்ஏ தளத்தில் ஒரு முறை மட்டும் யூஸ் டேக்ஸ் கட்டும் வழி இருக்கிறது, ரசீதையும் வண்டியின் சீரியல் நம்பரையும் பக்கத்தில் வைத்துக்கொண்டு உட்காருங்கள்.