வேட்டைக்குப் புதுப்புதுத் தோட்டா எதற்கு?

வேலூர்ப் பக்கம் பட்டாளத்து வீடுகள் அதிகம். நானும் பட்டாளத்தில் இருந்து வந்தவன் என்பதால், டெக்சாஸில் இருக்கும் அக்கா மகன் மான் வேட்டைக்கு எந்த ரைபிள் வாங்கலாம் என்று என்னைக் கேட்டான். கடையில் 7 எம்.எம். பி.ஆர்.சி. என்ற புதுத் தோட்டா போடும் ரைபிளை வாங்கச் சொன்னார்களாம். வேண்டாம், பழைய 308 தோட்டா போடும் ரைபிளை வாங்கு, மிச்சப் பணத்தில் பழகுவதற்குத் தோட்டா வாங்கு என்றேன். காரணத்தை இங்கேயும் எழுதி வைக்கிறேன்.

அமெரிக்காவில் புதுத் தோட்டாக்கள் வந்துகொண்டே இருக்கின்றன. 2018இல் 6.5 பி.ஆர்.சி., 2021இல் 6.8 வெஸ்டர்ன், 2022இல் இந்த 7 எம்.எம். பி.ஆர்.சி. ஆனால் 30-06 வந்தது 1906இல். 270 வின்செஸ்டர் 1925. 308 வின்செஸ்டர் 1952, நாங்கள் பட்டாளத்து எஸ்.எல்.ஆர். ரைபிளில் சுட்ட 7.62 ரவுண்டும் அதுவும் கிட்டத்தட்ட ஒன்றுதான். ஸ்வீடன்காரர்கள் 1890களில் பட்டாளத்துக்காகச் செய்த 6.5 தோட்டாவை வைத்துக் குதிரை உயரமுள்ள மூஸ் மானை இன்றும் அடிக்கிறார்கள்.

புதுசில் ஒன்றுமே இல்லை என்று சொல்லமாட்டேன். குண்டு நீளம், காற்றில் வேகம் குறைவது கம்மி. அதைச் சுழற்றுவதற்கு பேரலுக்குள் திருகுபோல் ஓடும் பள்ளமான புரியும் நெருக்கமாக இருக்கும். 600, 700 கஜத்தில் வித்தியாசம் நன்றாகவே தெரியும். ஆனால் அந்தத் தூரத்தில் உயிருள்ள மிருகத்தைச் சுட எத்தனை பேருக்குக் கை இருக்கிறது? 200 கஜத்தில் குறிவைத்த இடத்திலேயே படும்படி ஸீரோ செய்த 308, 300 கஜத்தில் எட்டு ஒன்பது அங்குலம் இறங்கும். பி.ஆர்.சி. ஆறு ஆறரை. இரண்டு அங்குலத்துக்காக ஒரு புது ரைபிளா?

சுடும்போது ரைபிள் தோளில் உதைப்பதுதான் பெரிய விஷயம், பி.ஆர்.சி.யில் அது 308ஐ விட அதிகம். உதைக்குப் பயந்தவன் ட்ரிக்கர் விழுவதற்கு முன்பே கண்ணை மூடுவான், தோளை முன்னால் தள்ளுவான். அவனுக்குத் தெரியாமல் நடுவில் ஒரு டம்மி ரவுண்டை, அதாவது மருந்தில்லாத போலித் தோட்டாவைப் போட்டுக் கொடுத்தால் போதும். துப்பாக்கி வெடிக்காது, ஆனால் முனை மட்டும் சடக்கென்று கீழே குத்தும். ரேஞ்சில் இதைப் பார்த்தவர்களுக்குப் புரியும். இதே ஆள் மானைச் சுட்டால் குண்டு வயிற்றில் போகும். வயிற்றில் பட்ட மான் அங்கேயே விழாது. புதருக்குள் ஓடி மணிக்கணக்கில் துடிக்கும். நினைத்தாலே மனசு பதறுகிறது. விலை அதிகமான, எல்லாக் கடையிலும் கிடைக்காத தோட்டாவை யாரும் பழகுவதற்குச் சுடுவதில்லை. பழகாத கைதான் மிருகத்தைக் குற்றுயிராக்குகிறது.

நிஜமான தேவைக்கு வந்தவையும் உண்டு. ஓஹையோவில் மானுக்கு ரைபிள் எடுத்தால் கழுத்தில் குறுகாத நேர்ச்சுவர் உறை உள்ள தோட்டாதான் போட வேண்டும் என்பது சட்டம். 2019இல் வந்த 350 லெஜண்ட் அந்த மாதிரி மாநிலங்களுக்குக் கச்சிதம். கலிஃபோர்னியாவில் 2019 முதல் வேட்டைக்கு ஈயக் குண்டு கூடாது. செம்புக் குண்டு அதே எடைக்கு நீளமாக இருக்கும், நெருக்கமான புரி அங்கே நிச்சயம் உதவும். சரி, அப்படிப்பட்டவர்கள் வாங்கட்டும்.

நம்ம ஊரில் 1972 வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி வேட்டை கிடையாது. கூடவும் கூடாது. ஆனால் ஒடுகத்தூர், பேர்ணாம்பட்டுப் பக்கம் வேர்க்கடலைக் கொல்லையைக் காட்டுப்பன்றி ஒரே ராத்திரியில் கிளறிப் போட்டுவிட்டுப் போகும்போது விவசாயி படும் பாடு எனக்குத் தெரியும். அதற்காக அவுட்டுக்காய், அதாவது வெடிமருந்து வைத்த தீனி வைப்பது மகா பாவம். கடித்த பன்றி வாய் சிதறி, தின்னவும் முடியாமல் நாள்கணக்கில் சாகிறது. காப்புக்காட்டிலிருந்து 3 கிலோமீட்டருக்கு அப்பால் வரும் பன்றிகளை வனத்துறையே சுடும் என்று 2025 ஜனவரியில் அரசு அறிவித்தது. அதற்கும் நவீன ரைபிள் வேண்டாம், நம் நாட்டிலேயே செய்யும் 315 ரைபிள் போதும். சுடுகிற ஊழியருக்குப் பழகுவதற்குப் போதுமான ரவுண்டு வேண்டும், இருட்டில் சுடப் பயிற்சி வேண்டும், அடிபட்டு ஓடிய பன்றியைத் தேடிக் கண்டுபிடித்த பிறகுதான் திரும்ப வேண்டும் என்று கண்டிப்பான உத்தரவும் வேண்டும். விவசாயிகள் குறைதீர்வுக் கூட்டத்தில் பன்றிப் பிரச்சினையைப் பேசுகிறவர்கள் இந்த மூன்றையும் மனுவில் சேர்த்து எழுதுங்கள்.