மாணவர் போடும் மதிப்பெண் எதை அளக்கிறது?

சென்னையில் மருத்துவ மாணவர்களுக்குப் பாடம் நடத்துபவர்களில் நானும் ஒருவன். ஆண்டு முடிவில் படிவம் கொடுத்து, ஆசிரியருக்கு ஐந்துக்கு எத்தனை என்று மாணவர்களைக் கேட்கும் வழக்கம் இங்கும் வேரூன்றிவிட்டது. மாணவர்கள் பேச வேண்டும் என்பதில் எனக்கு இரண்டாவது கருத்து இல்லை. ஆனால் அந்தப் படிவத்தின் கூட்டுத்தொகையை வைத்து ஒருவரின் பதவி உயர்வைத் தீர்மானிப்பதை ஏற்க முடியாது.

ஜெர்மனியில் மருத்துவ மாணவர்களிடம் நடந்து 2018இல் வெளியான ஆய்வு ஒன்றில், அவசர மருத்துவ வகுப்பின்போது சில குழுக்களுக்கு மட்டும் சாக்லேட் பிஸ்கட் கொடுத்தார்கள். பிஸ்கட் கிடைத்த குழுக்கள் ஆசிரியருக்கு மட்டுமின்றிப் பாடப் பொருளுக்கும் கூடுதல் மதிப்பெண் போட்டன. அமெரிக்காவில் 1970ஆம் ஆண்டிலேயே ஒரு நடிகரை 'டாக்டர் ஃபாக்ஸ்' என்று அறிமுகப்படுத்தி, சாரமே இல்லாத ஓர் உரையைச் சுவையாகப் பேசவைத்தார்கள். கேட்டவர்கள் மனநல மருத்துவர்களும் உளவியலாளர்களும். பெரும்பாலோர் நன்றாக இருந்தது என்றே எழுதிக் கொடுத்தார்கள். படித்துத் தேறியவர்களின் மதிப்பீடே இப்படி என்றால், இருபது வயது மாணவரைக் குறை சொல்வதில் நியாயமில்லை.

எங்கள் துறையில் உண்மையான கற்பித்தல் நோயாளியின் கட்டிலருகே நடக்கிறது. மண்ணீரல் வீங்கியிருக்கிறதா என்று பார்க்கும் மாணவர் எடுத்த எடுப்பில் இடது விலா எலும்புக்குக் கீழே கையை வைப்பார். கையைச் சூடாக்கிக்கொள்ளச் சொல்லி, வலது அடிவயிற்றிலிருந்து தொடங்கி, நோயாளி மூச்சை விடும் ஒவ்வொரு முறையும் விரல்களைச் சற்றே இடது மேல்புறமாக நகர்த்தி, மூச்சை இழுக்கையில் வீக்கத்தின் விளிம்பு விரலில் தட்டும் வரை பொறுமையாக உடன் நிற்பவர்தான் ஆசிரியர். தவறாகச் செய்தால் அவர் மறுபடி செய்யச் சொல்வார். அன்றைக்கு அது மாணவருக்குப் பிடிக்காது. படிவமோ விரிவுரை சுவையாக இருந்ததா, நேரத்துக்கு வந்தாரா என்பதோடு நின்றுவிடுகிறது.

அச்சம் இன்னொரு பக்கம். அகமதிப்பீட்டில் உரிய மதிப்பெண் இல்லையென்றால் பல்கலைக்கழகத் தேர்வே எழுத முடியாது. அதைப் போடுவதும் அதே துறைதான். வகுப்புப் பிரதிநிதி படிவங்களைத் திரட்டித் துறை அலுவலகத்தில் கொடுக்கும் இடத்தில், பெயர் எழுத வேண்டாம் என்று சொன்னால் எந்த மாணவர் நம்புவார்?

ஆகவே தேர்வு முடிவுகள் வெளிவந்த பிறகு, துறைக்குத் தொடர்பில்லாத ஒருவர் கேட்கட்டும். வார்டில் உங்களை நோயாளியைப் பரிசோதிக்க வைத்து நேரில் பார்த்தாரா, செய்த பிழையை அங்கேயே திருத்தினாரா, நோயாளியிடம் எப்படிப் பேசினார் என்று நடந்ததைக் கேளுங்கள். பயிற்சி மருத்துவராகச் சேர்ந்து ஆறு மாதம் ஆனபின் அவர்களிடமே மீண்டும் கேளுங்கள். இரவுப் பணியில் யார் கற்றுக்கொடுத்தது கைகொடுத்தது என்று அப்போது அவர்களுக்குத் தெரிந்திருக்கும். அந்தப் பதில்களை முதலில் அந்தந்த ஆசிரியரிடம் கொடுத்து, திருத்திக்கொள்ள ஓராண்டு அவகாசம் தர வேண்டும்.