டார்பிடோ வெடிக்காததற்கு கேப்டன்கள் காரணம் இல்லை

ஞாயிற்றுக்கிழமை கூட்டத்தில் நடந்தது உங்களில் பலருக்குத் தெரியும். பேச்சு இரண்டாம் உலகப் போரில் அமெரிக்க நீர்மூழ்கிகள் ஏவிய மார்க் 14 டார்பிடோ பற்றி; நீருக்கடியில் பாய்ந்து கப்பலைத் தகர்க்கும் வெடிகணை அது. பேசியவர் பெயரை எழுதப் போவதில்லை. "மார்க் 14 டார்பிடோவில் பெரிய குறை ஒன்றும் இல்லை, நீர்மூழ்கி கேப்டன்களுக்குத்தான் ஆரம்பத்தில் குறிபார்க்கத் தெரியவில்லை" என்றார். நான் எழுந்து மறுத்தேன். "உட்காருங்க சார், இன்ஜினியர்களைக் குறை சொல்றது சுலபம்" என்றார்கள். மூன்று நாளாக அது மனதை அறுக்கிறது.

குறை டார்பிடோவில்தான் இருந்தது.

அமெரிக்காவின் ரோட் ஐலண்ட் மாநிலத்தில் நியூபோர்ட் துறைமுகத்தை ஒட்டி கோட் ஐலண்ட் என்று ஒரு சின்னத் தீவு. 1869இல் அமெரிக்கக் கடற்படை அங்கே டார்பிடோ நிலையம் தொடங்கியது. மார்க் 14 அங்கே உருவானதுதான். 1941 டிசம்பரில் சார்கோ நீர்மூழ்கியின் கேப்டன் ஜேக்கப்ஸ் 13 டார்பிடோ ஏவினார். ஒன்றுகூடப் பலிக்கவில்லை. அவரைப் போலப் பலர் புகார் சொன்னார்கள். மேலிடத்தின் பதில் திரும்பத் திரும்ப ஒன்றுதான்: உங்கள் குறி தப்பியிருக்கும்.

1942 ஜூனில் அமெரிக்க நீர்மூழ்கிப் படைத் தளபதி லாக்வுட் ஆஸ்திரேலியாவின் ஆல்பனியில் ஒரு மீன்வலையைக் கடலில் கட்டி, அதை நோக்கி ஏவச் சொன்னார். 10 அடி ஆழத்துக்கு வைத்தது 25 அடியில் வலையைக் கிழித்திருந்தது. கப்பலுக்கு அடியில் போனால் எப்படி மோதும்? நிலையத்தில் ஆழத்தைச் சோதித்த கருவியும் அதே பக்கமாகத் தப்புக் காட்டியதால், அங்கே எல்லாம் சரியாகவே தெரிந்திருக்கிறது.

"அது உருவானது பணமில்லாத காலம், ஒரு டார்பிடோ 10,000 டாலர், வெடித்துச் சோதிக்க முடியுமா?" என்பீர்கள். சரி, ஒத்துக்கொள்கிறேன். ஆனால் ஒரு மீன்வலை என்ன விலை? "அங்கே உழைத்தவர்களை அவமானப்படுத்துகிறாய்" என்றும் ஒருவர் சொன்னார். பட்டறையில் ராப்பகலாக வேலை செய்த ஆயிரக்கணக்கானவர்கள் மேல் எனக்கு எந்தக் கோபமும் இல்லை. அவர்களும் கொடுத்த வரைபடத்தின்படிதான் செய்தார்கள்.

எனக்கு ஏன் இவ்வளவு வலிக்கிறது என்றால், நானும் இதைச் செய்திருக்கிறேன். போர்வெல் மோட்டார் சர்வீஸில் பதினோரு வருடம் இருந்தேன். பல்லடம் பக்கம் ஒரு பெரியவர், ஒரே வருடத்தில் மூன்று முறை மோட்டார் போய்விட்டது என்று வரச் சொன்னார். பிரித்தேன். சுழலும் தண்டின் பாரத்தைத் தாங்கும் த்ரஸ்ட் பேரிங் ஒரு பக்கமாகத் தேய்ந்து, தகடு கறுத்துப் போயிருந்தது. மூன்றிலும் அதே இடம். பொருத்தியதிலேயே தப்பு என்று எனக்குத் தெரிந்தது. ஆபீஸில் சொன்னதைக் கேட்டு, "வோல்டேஜ் ஏற்ற இறக்கம், கையாள்வதில் தவறு" என்று எழுதிக் கையெழுத்துப் போட்டேன். "உங்க ஷெட்டுல ஓடுனா பத்தாதுங்க தம்பி, எங்க தண்ணியில எறக்கி ஓட்டிப் பாருங்க" என்றார் அவர். நான் தலையைத் தூக்கிப் பார்க்கவில்லை.

ஆழத்தைச் சரிசெய்த பிறகும் தீரவில்லை. 1943 ஜூலை 24 அன்று டினோசா நீர்மூழ்கியின் கேப்டன் டாஸ்பிட், டோனன் மாரு என்ற பெரிய எண்ணெய்க் கப்பலை ஏற்கெனவே நிறுத்திவிட்டார். அசையாத கப்பல். பக்கவாட்டில் நின்று ஒவ்வொன்றாக ஏவினார். மோதின, வெடிக்கவில்லை. முதலில் ஏவியவற்றையும் சேர்த்து 15 முடிந்தது. பிறகு ஹவாயின் பேர்ல் ஹார்பர் தளத்தில் டார்பிடோ முனைகளை 90 அடி உயரத்திலிருந்து இரும்புத் தகட்டின் மேல் போட்டுப் பார்த்தார்கள். நேராக விழுந்த பத்தில் ஏழில் வெடிக்கவைக்கும் கருவி வேலை செய்யவில்லை. நேராக மோதினால் அதிர்ச்சியில் ஃபயரிங் பின் (வெடிப்பைத் தூண்டும் ஊசி) சிக்கிக்கொள்கிறது. சாய்வாகப் பட்டால் வெடிக்க வாய்ப்பு அதிகம். எவ்வளவு நன்றாகக் குறிபார்த்தாரோ அவ்வளவு ஏமாந்திருக்கிறார் அந்த மனிதர்! அவரையா குறிபார்க்கத் தெரியாதவர் என்பீர்கள்?

மிச்சமிருந்த கடைசி டார்பிடோவை அவர் ஏவவில்லை. பிரித்துப் பாருங்கள் என்று கரைக்குக் கொண்டுபோனார். அதை ஏன் அவ்வளவு தூரம் சுமந்து போனார் என்று அடுத்த ஞாயிறு நீங்களே மேடையில் சொல்லுங்கள். நான் முன்வரிசையில் உட்கார்ந்து கேட்கிறேன்.