பெட்டி வடிவம் குறையா?

வோல்வோ 240 ஸ்டேஷன் வேகன் (சாமான் வைக்கக் கூரையைப் பின்பக்கம் வரை நீட்டிய கார்) பற்றிய கட்டுரையில், அதை 'சக்கரம் வைத்த பெட்டி' என்று கட்டுரையாளர் கிண்டல் செய்திருக்கிறார். சரி, பார்வைக்கு அப்படித்தான். ஆனால் அந்த வண்டியின் பலமே அதுதானே! பின்கதவு கிட்டத்தட்ட செங்குத்தாக நிற்பதால் பீரோ, சைக்கிள் எதை வைத்தாலும் கூரை வரை இடம் வீணாகாது. பின்சீட்டை மடக்கினால் ஒரு ஆள் காலை நீட்டிப் படுக்கலாம். சாமான் வைக்கும் இடத்திலேயே பின்பக்கம் பார்த்த மாதிரி குழந்தைகளுக்கு ஒரு மடக்கு சீட்டும் கூடுதலாக வாங்கிப் பொருத்திக்கொள்ளலாம். பின்னால் வருகிற வண்டிக்காரருக்கெல்லாம் டாட்டா காட்டிக்கொண்டே போவார்கள்!

இன்னொன்றைக் கட்டுரை தொடவே இல்லை. இவ்வளவு நீள வண்டி 10 மீட்டருக்குள் வளைந்து திரும்பிவிடும். எஞ்சின் நீளவாக்கில் இருப்பதாலும் பின்சக்கர இயக்கம் என்பதாலும் முன்சக்கரங்கள் தாராளமாகத் திரும்பும்.

பழையது வாங்க நினைப்பவர்கள் 80களில் வந்த வண்டிகளின் எஞ்சின் வயரிங்கை மட்டும் நன்றாகப் பாருங்கள். வயரின் மேலுறை பொடிப்பொடியாக உதிரும். 1988க்குப் பிறகு வந்தவற்றில் அந்தத் தொல்லை இல்லை. 1974 முதல் 1993 வரை பெரிதாக மாறாமல் ஓடிய மாடல் என்பதால் உதிரிபாகமும் ஓரளவு கிடைக்கிறது.