ஆறாம் மாடி ஐந்தொகை

(மியான்மரின் யாங்கோன் நகரின் நடுவே, லிப்ட் இல்லாத கட்டடத்தின் ஆறாம் மாடி. கரண்ட் போய் நெடுநேரம் ஆகிவிட்டது. பால்கனியில் ஒரு மெழுகுவத்தி. கணவர் அரிசிக் கடையில் முப்பது வருஷம் கணக்கு எழுதி ஓய்வு பெற்றவர். கடை அவரை விட்டுவிட்டது, கணக்கு விடவில்லை. மடியில் நீளமான பேரேடு. மனைவி பூண்டு உரித்துக்கொண்டிருக்கிறார்.)

மனைவி: இருட்டில் அப்படி என்னங்க எழுதுகிறீர்கள்? கடையை விட்டு வந்த மனுஷனுக்கு இனி என்ன வரவு, என்ன பற்று?

கணவர்: உன் கணக்குத்தான். நேற்றுக் காளி கோயிலில் பேசினவர் சொன்னார், வீட்டுக்காரி செய்கிற நல்லதைத் தினம் ஒன்றாவது நினைத்துப் பார்க்க வேண்டுமாம். எனக்குத்தான் எதுவும் நினைவில் நிற்காதே. அதனால் எழுதி வைக்கிறேன்.

மனைவி: 1871-இல் கட்டின கோயில். அங்கே எத்தனையோ பேர் எத்தனையோ நல்லது சொல்லியிருப்பார்கள். உங்கள் காதில் விழுந்தது இது ஒன்றுதானா? சரி, படியுங்கள்.

கணவர்: (தொண்டையைக் கனைத்து) "காலை ஏழு மணி. வீட்டுக்காரி வரவு, தேநீர் ஒன்று. பற்று இல்லை."

மனைவி: அந்தத் தேநீரை எப்படிக் கேட்டீர்கள் என்று எழுதினீர்களா?

கணவர்: எப்படிக் கேட்டேன்?

மனைவி: உதட்டைக் குவித்து, 'ச்சு, ச்சு' என்று! இந்த ஊர் டீக்கடையில் முத்தம் கொடுக்கிற மாதிரி சத்தம் போட்டுத்தான் பையனைக் கூப்பிடுவார்கள், அது கடைக்குச் சரி. கல்யாணமான மறுநாள் காலையில் அதே சத்தத்தை இந்த வீட்டில் போட்டீர்கள். புது மாப்பிள்ளைக்கு என்ன ஆசை பார் என்று வெட்கப்பட்டுக்கொண்டு கதவோரமாக வந்து நின்றேன். நீங்கள் பேப்பரிலிருந்து தலையைக்கூடத் தூக்கவில்லை. "ஒரு ச்சோ செயின் டீ, பால் தூக்கலாக" என்றீர்கள்.

கணவர்: (எழுதியபடி) "பழைய பாக்கி, முத்தம் ஒன்று." வட்டி உண்டா?

மனைவி: முப்பத்தைந்து வருஷத்து வட்டி. உங்களால் கட்ட முடியாது. 1930-களில் வட்டி கட்ட முடியாமல் ஐராவதி டெல்டாவில் வயல் வயலாகக் கைமாறின நாடு இது. யோசித்துப் பேசுங்கள்.

கணவர்: என்னிடம் வயல் இல்லையே. இந்த லுங்கிதான் இருக்கிறது.

மனைவி: அதையும் நான்தான் துவைக்கிறேன். அடுத்தது?

கணவர்: "பால்கனிக் கயிறு. ஒன்றரை வீசை உருளைக்கிழங்கு, ஆறு மாடி உயரம், கையால் இழுத்தது வீட்டுக்காரி." பார், இரண்டு கிலோவுக்கு மேல் எடை. நான் படியேறக் கூடாது என்று நீ இழுத்தாய்.

மனைவி: நீங்கள் படியேறினால் மூன்றாம் மாடியில் உட்கார்ந்து அந்த வீட்டுக்காரரோடு பேச ஆரம்பித்துவிடுவீர்கள், குழம்புக்குக் கிழங்கு வந்து சேராது. அதற்காக இழுத்தேன்.

கணவர்: காரணத்துக்குப் பேரேட்டில் இடம் இல்லை. எடைக்குத்தான் இடம்.

(இந்தக் கயிற்றைப் பற்றி ஒரு வார்த்தை. யாங்கோனில் பழைய மாடி வீடுகளின் பால்கனியிலிருந்து தெரு வரைக்கும் கயிறு தொங்கும். கீழ் நுனியில் கிளிப், மேலே வீட்டுப் பக்கம் ஒரு மணி. பேப்பர்காரர் கிளிப்பில் பேப்பரை மாட்டிக் கயிற்றை ஆட்டுவார், மேலே மணி அடிக்கும். அழைப்பு மணியும் அதுதான், லிப்டும் அதுதான்.)

மனைவி: அதே கயிற்றைக் காலையில் மூன்று தரம் ஆட்டினீர்களே, அது எந்தப் பக்கம் ஏறியிருக்கிறது? முதல் தரம் மூக்குக் கண்ணாடியை மறந்துவிட்டீர்கள், இறக்கினேன். இரண்டாம் தரம் குடை. மூன்றாம் தரம் அடுப்பை அணைத்துவிட்டு ஓடி வந்தால், ஒன்றும் கேட்காமல் போய்விட்டீர்கள்.

கணவர்: அது சும்மா.

மனைவி: சும்மாவா?

கணவர்: நீ எட்டிப் பார்க்கிறாயா என்று பார்த்தேன். கீழேயிருந்து பார்த்தால் உன் முகத்தில் தனக்கா மரப்பட்டைச் சாந்து பூசின இரண்டு வட்டம் மட்டும்தான் தெரியும்.

மனைவி: (பூண்டு கை நிற்கிறது) இதை எழுதியிருக்கிறீர்களா?

கணவர்: இல்லை. வரவா, பற்றா என்று பிடிபடவில்லை.

மனைவி: அடுத்தது படியுங்கள்.

கணவர்: "பழைய கணக்கு. தேன்நிலவுச் செலவு, என் பொறுப்பு."

மனைவி: தேன்நிலவா! சர்க்குலர் ரயிலில் ஏற்றிவிட்டீர்கள். 46 கிலோமீட்டர், மூன்று மணி நேரம். ஊரை ஒரு சுற்றுச் சுற்றி, ஏறின ஸ்டேஷனிலேயே இறக்கிவிட்டீர்கள். எங்கே போய் வந்தாய் என்று அம்மா கேட்டதற்கு நான் என்ன சொல்ல முடியும்?

கணவர்: ஜன்னலோரம் உனக்குத்தானே கொடுத்தேன்.

மனைவி: அந்தப் பக்கம் வெயில்.

கணவர்: வெயில் சுற்றி வந்து என் பக்கமும்தான் அடித்தது. வட்ட ரயில் அல்லவா?

மனைவி: (சிரிப்பை அடக்கி) ஷ்வேடகோன் பகோடாவுக்குப் போனதை எழுதினீர்களா?

கணவர்: ஓ! அவரவர் பிறந்த கிழமை மூலையில் தண்ணீர் ஊற்றினோம். நீ செவ்வாய், அந்த மூலைக்கு மிருகம் சிங்கம். நான் வியாழன், அதற்கு எலி.

மனைவி: பொருத்தம் பார்த்த பெரியவர்களுக்குக் கண்ணே தெரியவில்லை.

கணவர்: என் எலிக்கு ஊற்றி முடித்துவிட்டு உன் மூலைக்கும் வந்து ஐந்து குவளை ஊற்றினேன், கவனித்தாயா?

மனைவி: என் மேல் அவ்வளவு பக்தியா?

கணவர்: சிங்கம் குளிர்ந்தால்தானே எலிக்கு நிம்மதி?

(மனைவி பேரேட்டைப் பிடுங்குகிறார். அடிக்கத்தான் பிடுங்கினார். புழுக்கம் தாங்காமல் அதையே விசிறியாக்கி வீசிக்கொள்கிறார். மெழுகுவத்தி அணைந்துவிடுகிறது.)

கணவர்: ஐயோ, என் ஐந்தொகை!

மனைவி: காற்று வருகிறதா?

கணவர்: கொஞ்சம் இந்தப் பக்கமும் வீசு. ஆ... வருகிறது.

மனைவி: அப்படியானால் வரவு.

(தெரு முழுக்கக் குழந்தைகள் "மீ லா பீ! மீ லா பீ!" என்று கூவுகிறார்கள். கரண்ட் வந்துவிட்டது. பல்பு எரிகிறது. மனைவி பேரேட்டைப் புரட்டிப் பார்க்கிறார்.)

மனைவி: என்னங்க இது? எல்லாவற்றையும் ஒரே வரியின் மேல் எழுதியிருக்கிறீர்கள். எழுத்தா, எறும்புக் கூட்டமா?

கணவர்: கண்ணாடி போடவில்லையே. இருட்டு வேறு.

மனைவி: அப்படியானால் இவ்வளவு நேரம் எதைப் பார்த்துப் படித்தீர்கள்?

கணவர்: (லுங்கியை இறுக்கிக் கட்டுகிறார்) அது... படிக்கிற மாதிரி...

மனைவி: நினைவில் நிற்காது என்றீர்களே!

கணவர்: நாளைக்குப் புதுப் பக்கத்தில் திருத்தமாக எழுதிவிடுகிறேன்.

மனைவி: முதலில் போய் மோட்டாரைப் போடுங்கள். மேல் தொட்டியில் சொட்டுத் தண்ணீர் இல்லை, உங்கள் கணக்கு முடிகிற வரைக்கும் கரண்ட் காத்துக்கொண்டிருக்காது.