வாட்டும் தொட்டியில் ஒரு சென்சார்

எல்லாத் தொழிலிலும் சென்சாரும் ஏஐயும் வந்துவிட்டால் கைப்பக்குவம் தேவைப்படாது என்கிறது நான் படித்த ஒரு கட்டுரை. கோத்தகிரிப் பக்கம் ஒரு தேயிலை ஃபேக்டரியில் வேலை பார்க்கிறேன், கொஞ்சம் சிரிப்பு வந்தது.

பச்சை இலையில் முக்கால் பங்குக்கு மேல் தண்ணீர்தான். அதைத் தொட்டியில் பரப்பி, அடியிலிருந்து ஃபேன் காற்று விட்டு வாட்டுவோம். எங்கள் மேஸ்திரி ஒரு கைப்பிடி இலையை இறுக்கிப் பிடித்துவிட்டுக் கையைத் திறப்பார். உருண்டை உடனே பிரிந்தால் இன்னும் வாடவில்லை என்று அர்த்தம். போன வருஷம் ஈரப்பத சென்சார் மாட்டினார்கள். ஜூலை மழையில் மூடுபனி உள்ளே புகுந்து அதன் மேலேயே நீர் கோத்துக்கொள்ள, விடிய விடிய நூறு சதவீதம் என்றே காட்டியது. போனில் அலாரம் வேறு! அப்புறம் இடம் மாற்றி மாட்டினோம், இப்போது ஒழுங்காக ஓடுகிறது. மேஸ்திரியும் திரையைப் பார்த்துவிட்டுத்தான் இலையில் கை வைக்கிறார்.

கோவை பக்கம் மதுக்கரை ரயில் பாதையில் யானை ரயிலில் அடிபடாமல் இருக்க 2024-ல் ஏஐ கேமராக்கள் வைத்தார்களே, அது நல்ல வேலை. அதுபோல டிசம்பர், ஜனவரி உறைபனி வரப்போவதை ஏஐ முந்தின சாயங்காலமே சிறு விவசாயி போனுக்குச் சொல்லட்டும். தேயிலை இளஞ்செடியைத் தாகைச் செடியின் தழை வைத்து மூடவாவது நேரம் கிடைக்கும். எங்கள் பள்ளத்தில் சிக்னல் கிடைத்தால்!