சினாட்ரா பாடியவர், எழுதியவர் அல்ல

'சாங்ஸ் ஃபார் ஸ்விங்கிங் லவ்வர்ஸ்' ஆல்பத்தில் இருப்பதெல்லாம் அமெரிக்கப் பாடகர் ஃபிராங்க் சினாட்ராவே எழுதிய புதுப் பாட்டுகள் என்கிறீர்கள். இல்லைங்க. 1956-ல் அது வந்தபோதே பல பாட்டுகள் மேடை நாடகத்திலும் சினிமாவிலும் ஏற்கெனவே ஒலித்தவை. 'எனிதிங் கோஸ்' 1934-ல் நியூயார்க்கின் பிராட்வே நாடக மேடைக்காக கோல் போர்ட்டர் எழுதியது. 'ஐவ் காட் யூ அண்டர் மை ஸ்கின்' பாட்டும் அவருடையதுதான். 1936-ல் 'பார்ன் டு டான்ஸ்' படத்தில் வர்ஜீனியா புரூஸ் பாடினார்.

சினாட்ராவின் ஆல்பத்தில் புதுசு என்றால் அவர் பாடிய விதமும் நெல்சன் ரிடிலின் இசைக்கோப்பும்தான். 'ஐவ் காட் யூ அண்டர் மை ஸ்கின்' நடுவில் அவர் பாடுவது நிற்க, வாத்தியங்கள் படிப்படியாக ஏறி, மில்ட் பெர்ன்ஹார்ட்டின் டிராம்போன் பீறிட்டுக் கிளம்பும் பாருங்கள், அந்த இடத்தை ஹெட்போன் போட்டுக் கேளுங்கள். எத்தனை தடவை கேட்டாலும் எனக்குச் சிலிர்க்கும்.